பாயிண்ட் இருபத்தஞ்சும் ஒரே ஒரு எதிரியும்

உக்காருங்க தம்பி. இன்ஸ்பெக்டரம்மா வெளிய போயிருக்காங்க, வர்றதுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அந்தப் பெஞ்சு வேண்டாமுங்க, ஒரு காலு ஆடும், காத்தால நானே ஒருக்கா விழுந்து எந்திரிச்சேன். இப்படி வாங்க. கையில என்ன, துப்பாக்கி லைசென்ஸு ஃபாரமா? தோட்டத்துக்குங்களா, உயிருக்குங்களா?

உயிருக்கா! அப்ப சரியான ஆளு பக்கத்துலதான் உக்காந்திருக்கீங்க. நான் தெய்வசிகாமணி. தென்னந்தோப்பு இருக்குது, நார் மில்லு ஒண்ணு ஓடுது. இந்த மஞ்சப்பைக்குள்ள ஒரு மூக்குக்கண்ணாடிக்கூடு தெரியுது பாருங்க, அதுல இருக்கறது கண்ணாடி இல்லீங்க. எடுத்துக் காட்டலாம், ஆனா அந்த ரைட்டரு ஏற்கெனவே என்னையப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கறாரு. அஞ்சு வருசம் முடிஞ்சுபோச்சு, லைசென்ஸைப் புதுப்பிக்கோணும். அதுக்குத்தான் வந்திருக்கேன்.

என்ன துப்பாக்கி வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா? இன்னும் இல்லையா? நல்லதாப் போச்சு. என் பொழப்பு கெட்டதே அதுலதானுங்க. குண்டோட அளவுல கெட்டுது. பாயிண்ட் முப்பத்ரெண்டு வாங்கியிருந்தா நான் இன்னிக்கு ராசாவாட்ட இருந்திருப்பேன். பாயிண்ட் இருபத்தஞ்சு வாங்குனேன். தங்கச்சி பேசறதில்ல, மாப்ள பேசறதில்ல, எல்லாம் அந்த ஏழு புள்ளி வித்தியாசத்துல வந்ததுங்க.

முதல்ல லைசென்ஸ் வாங்குன கூத்தச் சொல்றேன். தாலுக்கா ஆபீசு வாசல்ல மனு டைப்படிக்கிற கண்ணபிரான்னு ஒருத்தரு. "உயிருக்கு ஆபத்துன்னு போட்டாத்தான் பிஸ்டலுக்குக் குடுப்பாங்க, யாரால ஆபத்து, பேரச் சொல்லுங்க"ன்னாரு. நான் யோசிக்கறேன், யோசிக்கறேன், ஒரு பேரும் வரல. "வரப்புத் தகராறு?" இல்லீங்க. "தண்ணித் தகராறு?" அதுவும் இல்லீங்க. "கட்சி, சங்கம், கோயில் கமிட்டி?" ஒண்ணுமில்ல. அந்தாளு மிஷின்ல இருந்து கைய எடுத்துட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. அம்பத்தி நாலு வயசாச்சு, ஒரு எதிரி கூட இல்லாம என்னய்யா வாழ்ந்திருக்கறன்னு கேக்கறாப்பல. எனக்கு அசிங்கமாப் போச்சுங்க.

அப்பறம்தான் மாப்ள நாச்சிமுத்து ஞாபகம் வந்துச்சு. என் தங்கச்சி ருக்குமணியக் கட்டுனவரு. நானும் அவரும் ஒண்ணாப் படிச்சவங்க. பள்ளிக்கூடத்துல வாடா போடாதான், தங்கச்சியக் கட்டிக் குடுத்த நாள்ல இருந்து வாங்க போங்க. நேரா அவரு ஊட்டுக்குப் போனேன். "மாப்ள, எனக்கு ஒரு எதிரி வேணும், நீங்க இருந்துக்கறீங்களா? பேப்பர்ல மட்டுந்தான்." ஆளு சிரிச்ச சிரிப்புல காப்பி மூக்குல ஏறிருச்சு. "எழுதிக்குங்க மச்சான். உங்களுக்காக இது கூடச் செய்ய மாட்டனா"ன்னாரு. நான் சொன்னேன், "போலீசு வந்து கேப்பாங்க. ஆமா, மெரட்டுனேன்னு ரெண்டு வார்த்தை சொல்லிருங்க, போதும்." சரின்னாரு.

ரெண்டே ரெண்டு வார்த்தைங்க. அதைச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டாரு. அந்தாளு எறும்பைக் கூட ஒதுங்கிப் போகச் சொல்றவரு. என்னமோ வந்த போலீஸ்காரரு புண்ணியவான், அவரா எதையோ எழுதிட்டுப் போயி லைசென்ஸு கெடச்சுது.

இதுல இன்னொண்ணு நடந்துச்சு. போலீசு விசாரிக்கப் போன அன்னிக்குன்னு பாத்து, தங்கச்சி மக கோகிலவாணியப் பொண்ணு பாக்க உடுமலைப் பக்கமிருந்து ஒறம்பரைங்க வந்திருந்தாங்களாம். நல்ல எடந்தான். பையன் பேங்குல வேலை. பலகாரமெல்லாம் சாப்பிட்டுட்டு இருந்தவங்க, சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சுப் போயிட்டாங்களாம். போலீஸ் தொப்பியப் பாத்ததுக்கே ஓடற குடும்பத்துல பொண்ணு குடுத்து என்னங்க பண்றது? "விடு, வேற நல்ல எடமா வரும்"னு ஒரு ஆளு கிட்டச் சொல்லி அனுப்புனேன். நேர்ல போயிருக்கலாம். ஆனா லைசென்ஸு வர்ற வரைக்கும் அஞ்சு மாசமும் நான் துப்பாக்கி பாத்துட்டுத் திரிஞ்சனுங்க, எங்கீங்க நேரம்?

இப்பக் கதைக்கு வர்றேன். தை மாசம் லைசென்ஸு கையில வந்துச்சு. கோயமுத்தூர்ல சாமுவேல்னு ஒருத்தரு துப்பாக்கிக் கடை வச்சிருக்காரு, சுத்தமான மனுசன். முதல்ல ரிவால்வரக் காட்டுனாரு. அது வேண்டாம்னுட்டேன், எங்க மில்லுல நார் சுத்தற உருளையாட்ட இருந்துச்சு. பிஸ்டல்னா அழகுங்க. குண்டெல்லாம் கைப்பிடிக்குள்ள மேகசின்ல அடுக்கியிருக்கும். ஒருக்காச் சுட்டா மேல இருக்கற ஸ்லைடு பின்னால போயி காலித் தோட்டாவ வெளிய தள்ளிட்டு, வரும்போது அடுத்ததைத் தானே உள்ள ஏத்திக்கும். நம்ம விசைய அழுத்தறது மட்டுந்தான் பாக்கி.

அவரு பாயிண்ட் முப்பத்ரெண்டு ஒண்ண எடுத்து மேசைல வச்சாரு. "இது நம்ம நாட்டுலயே செய்யறது, தோட்டா எப்பவும் கெடைக்கும், ரிப்பேரும் சுலுவு, முதல் பிஸ்டலுக்கு இதான் சரி"ன்னாரு. நான், "இது வேற யாருகிட்ட இருக்குது?"ன்னு கேட்டேன். "எல்லாருகிட்டயும் இருக்குது"ன்னாரு. அங்கதானுங்க எனக்கு மனசு விட்டுப்போச்சு.

எம் புத்தி அப்படிங்க தம்பி. ஊரே ஒரு டிராக்டரு வாங்குனா நான் போலந்து நாட்டு டிராக்டரு வாங்குவேன். வாங்குனேன். பதினோரு மாசம் ஓடுச்சு, அப்பறம் ஒரு பல்சக்கரம் தேஞ்சுது, அது மாத்தறதுக்குப் போலந்துக்குத்தான் போகோணும்னாங்க. இப்ப அதுல எங்க கோழி முட்ட வைக்குது. ஆனா அந்தப் பதினோரு மாசம் ஊரே நின்னு பாத்துச்சுங்களே. பொள்ளாச்சில ஒரு பெரிய கண்ணாலத்துல, இடுப்புல துப்பாக்கி இருக்குதுன்னு சட்டைய ஏத்தி ஏத்தி விடறவன் ஒம்பது பேரு இருந்தா, ஒம்பதும் பாயிண்ட் முப்பத்ரெண்டு. பத்தாவதா நானும் போயி நிக்கோணுமா?

அப்பத்தான் கண்ணாடி அலமாரில, அடித்தட்டுல, கைக்குட்டை மேல ஒண்ணு படுத்திருந்துச்சு. உள்ளங்கை அளவு. கன்னங்கரேல்னு. வால்பாறை எஸ்டேட்டுல மேனேஜரா இருந்த ஒருத்தரோடதாம், அவரு காலமானதும் மகன் கடைல குடுத்துட்டுப் போயிட்டான். பாயிண்ட் இருபத்தஞ்சு. "எந்த ஊரு?"ன்னேன். "செக்கோஸ்லோவாக்கியா. அந்த நாடே இப்ப இல்லைங்க, ரெண்டாப் பிரிஞ்சு போச்சு"ன்னாரு. எனக்கு ஒடம்பு சிலிர்த்துப்போச்சு. நாடே இல்லாத துப்பாக்கிங்க! வேற எவன்கிட்ட இருக்கப் போகுது?

சாமுவேலு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. "இதுக்குத் தோட்டா வர்றதே இல்லைங்க. கூட இருக்கற பன்னெண்டு தோட்டாதான். அது முடிஞ்சா இது பேப்பர் மேல வைக்கற கல்லுதான்." நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. "எனக்கு இருக்கறதே ஒரே ஒரு எதிரிங்க, அதுவும் என் மாப்ள. பன்னெண்டு எதுக்கு?" கடையே சிரிச்சுது. அன்னிக்கு நானுந்தான் சிரிச்சேன்.

வாங்கிட்டு நேரா தங்கச்சி ஊட்டுக்குத்தான் போனேன். முதல்ல அவங்ககிட்டத்தானே காட்டோணும், அவரு பேருலதானே வந்துச்சு. ருக்குமணி கதவத் தொறந்தா, என் மூஞ்சியப் பாத்தா, கையில இருந்ததைப் பாத்தா, கதவச் சாத்திட்டா. துப்பாக்கியப் பாத்துப் பயந்துட்டான்னு நெனச்சேன். "குண்டு போடலை ருக்கு"ன்னு வெளிய நின்னு சொல்றேன், தெறக்கவே இல்ல. அன்னிக்குச் சாத்துன கதவுங்க.

சரி, அத விடுங்க. ஆயுதபூசை வந்துச்சு. எங்க ஊட்டுல சம்பூர்ணம் மில்லு மிஷினுக்கு, வண்டிக்கு, அருவாமணைக்கு, எல்லாத்துக்கும் பொட்டு வச்சவ, இதுக்கும் வச்சுட்டா. வச்சான்னா சும்மா இல்லீங்க. கொழகொழன்னு சந்தனம், நடுவுல குங்குமம், குழாய் வாயில ஒண்ணு, ஸ்லைடு இடுக்குல ரெண்டு. நானும் சாமி காரியம்னு தொடைக்காம விட்டுட்டேன். துரு புடிக்கக்கூடாதுன்னு எண்ணெய் வேற போட்டேன். துப்பாக்கிக்கு வேற எண்ணெயாம், எனக்கென்னங்க தெரியும்? மூவாயிரம் தென்னை வச்சிருக்கறவன் எண்ணெய்க்குக் கடைக்கா போவேன்? நம்ம செக்குல ஆட்டுன தேங்கா எண்ணெயே ஊத்துனேன்.

மார்கழில ரைஃபிள் கிளப்புல சுட்டுப் பழகறதுக்குப் போனேன். பாயிண்ட் முப்பத்ரெண்டுக்காரனுங்க எல்லாரும் வந்து சுத்தி நின்னுட்டானுங்க. "என்னங்க இது, லைட்டரா?"ங்கறான் ஒருத்தன். நீட்டுனேன், சுட்டேன். முதல் குண்டு போச்சு. போனதோட சந்தனமும் குங்குமமும் பொறி பொறியா வந்து எம் மூஞ்சிலயே அடிச்சுது. ஸ்லைடு பாதி வழில போயி நின்னுக்குச்சு. மார்கழிக் குளுருல தேங்கா எண்ணெய் ஒறைஞ்சு, சந்தனத்தோட சேந்து, சிமெண்டாட்ட ஆயிருச்சுங்க. நெத்தி நெறைய குங்குமத்தோட நான் நிக்கறேன், ஒருத்தன் கன்னத்துல போட்டுக்கறான். அந்தக் கிளப்புப் பக்கமே அப்பறம் நான் போகல.

ஆக ஒண்ணு போயி பதினொண்ணு மிச்சம். தோட்டா தேடித் தேடி அஞ்சு வருசம் போச்சுங்க. சேலம், மதுரை, மெட்ராஸ், ஐதராபாத்து வரைக்கும் ஆள் விட்டேன். ஒருக்கா பட்டப்பகல்ல தோப்புக்குள்ள கொரங்குக் கூட்டம் எறங்குச்சு. பிஸ்டல எடுத்துக் காட்டுனேன். பெரிய கொரங்கு ஒண்ணு எளநியக் குடிச்சுட்டே என்னையப் பாத்துச்சு. பதினொண்ணுதான் இருக்குதுன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்குது போல.

இப்பச் சொல்றதைத்தான் நீங்க கவனமாக் கேக்கோணும். ரெண்டு வருசத்துக்கு முந்தி சாமுவேலு போன் பண்ணுனாரு. "உங்க பக்கத்து ஆளு ஒருத்தரு கடைக்கு வந்து பாயிண்ட் இருபத்தஞ்சு தோட்டா இருக்குதான்னு கேட்டாரு. பேரு நாச்சிமுத்து"ன்னாரு. ஏனுங்க, ஒருத்தன் தோட்டா எதுக்குக் கேப்பான்? துப்பாக்கி இருந்தாத்தானே கேப்பான்? என்னையாட்டவே ஒண்ணு வாங்கிட்டாரு! எனக்குப் போட்டியா, என் அளவுலயே! இல்லாட்டி என்னையச் சுடறதுக்கு. ரெண்டுல எது பெரிய துரோகம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியிலீங்க.

அடுத்த வியாழக்கிழமை கோகிலவாணிக்குக் கண்ணாலம். இருவத்தி ரெண்டுல ஆக வேண்டியது, இருவத்தி ஏழுல நடக்குது. பத்திரிகைல தாய்மாமன்னு என் பேரு போட்டிருக்குது. ஆனா எப்படி வந்துச்சு தெரியுங்களா? தபால்ல! தாய்மாமனுக்கு, வெத்தலை பாக்கு வச்சு நேர்ல வந்து அழைக்காம, அஞ்சு ரூவா ஸ்டாம்பு ஒட்டி! மாமன் போகாட்டி சீரு செய்யறதுக்கு ஆளு இல்ல, பொண்ணு வெறுங்கழுத்தோட மணவறைல உக்காரோணும், எல்லாந் தெரிஞ்சும் தபால்ல அனுப்புனா. சம்பூர்ணம் தெனமும் அழுகறா. நான் போகறதில்லைன்னு சொல்லிட்டேன்.

இன்னிக்கு இந்த இன்ஸ்பெக்டரம்மா என்னையக் கேக்கும், அந்த அச்சுறுத்தல் இன்னும் இருக்குதான்னு. இல்லைன்னா லைசென்ஸு போச்சு, இத இங்கயே குடுத்துட்டுப் போகோணும். இருக்குதுன்னுதான் சொல்லப்போறேன். அஞ்சு வருசத்துக்கு முந்தி பொய்யி. இப்ப நெசமாலுமே இருக்குதுங்களே, தோட்டா வாங்கப் போனாருல்ல? மனசறிஞ்சு சொல்லலாம்.

அதோ ஜீப்பு வந்துருச்சு. பேரு கூப்பிடறாங்க. பைய நான் எடுத்துட்டுப் போறேன், நீங்க எடத்தப் பாத்துக்குங்க.

*

என்னங்க, இன்னும் உங்களக் கூப்பிடலையா? சித்த தள்ளுங்க, உக்காந்துக்கறேன். தண்ணி இருக்குதுங்களா அந்தப் பாட்டில்ல? குடுங்க.

இல்லீங்க, பையி காலிதான். இருங்க, சொல்றேன்.

அந்தம்மா சின்ன வயசுதான். பழைய ஃபைலப் பிரிச்சு வச்சுட்டு, "இந்த நாச்சிமுத்து இப்பவும் உங்களை மிரட்டறாரா?"ன்னு கேட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, "பயங்கரமான ஆளா இருப்பாரு போல, அப்பவே இப்படிச் சொல்லியிருக்காரே"ன்னு ஒரு பேப்பரப் படிச்சாங்க. அன்னிக்குப் போலீசு போயி எழுதி வாங்குன வாக்குமூலங்க அது. 'ஆமாம். தெய்வசிகாமணியை நான் மிரட்டியது உண்மை. சமயம் கிடைத்தால் அவரைத் தீர்த்துக் கட்டாமல் விடமாட்டேன். வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளிகள் முன்னிலையிலேயே இதைச் சொல்கிறேன்.' கீழ அவரு கையெழுத்து. அதுக்குக் கீழ சாட்சிக் கையெழுத்து ரெண்டு. உடுமலைப் பக்கத்து விலாசம்.

பொண்ணு பாக்க வந்தவங்க போட்ட கையெழுத்துங்க.

ரெண்டு வார்த்தை சொல்லச் சொன்னேன். மனுசன் ஒரு பத்தி சொல்லியிருக்காரு. 'அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க, அவரு என் மச்சான்'னு சொல்லியிருந்தா அந்தக் கண்ணாலம் நடந்திருக்கும். பேரப்புள்ளைக்கு இன்னிக்கு மூணு வயசு ஆயிருக்கும். எனக்கு இந்தக் கருமாந்தரம் கெடைக்கோணும்னு, வந்த சம்பந்தக்காரங்க முன்னால கொலைகாரனா நின்னிருக்காரு. நான் போலீஸ்காரருக்குப் புண்ணியம் சொல்லிட்டிருந்தேன். அந்தப் பேப்பர வாங்கி நானே இன்னொருக்காப் படிச்சேன் தம்பி. அந்தம்மா விசிறிய வேகமா வைக்கச் சொன்னாங்க.

அப்பறம் அந்தம்மா சொன்னாங்க, "புதுப்பிக்கோணும்னா அவரை மறுபடியும் விசாரிக்கோணும். நாளைக்கு ஏட்டைய ஊட்டுக்கு அனுப்பட்டுமா?" நாளைக்கு அங்க பந்தக்கால் நடறாங்கங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பூராவும் அங்கதான் இருப்பாங்க. இந்தத் தடவை கேட்டாலும் அந்தாளு அதையேதான் சொல்லுவாரு. சொல்லிருவாருங்க, எனக்குத் தெரியும், அவரு வாக்குக் குடுத்துட்டாருல்ல.

"யாரையும் அனுப்பாதீங்கம்மா"ன்னேன். ஆபத்து எதுவும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கண்ணாடிக்கூட மேசை மேல வச்சேன். தோட்டாவ எண்ணுனாங்க, பதினொண்ணு. தொறந்து பாத்த ரைட்டரு, "சந்தன வாசம் வருதுங்க"ன்னாரு.

சித்த இருங்க, ஒரு போன் பண்ணிக்கறேன்.

ருக்கு... நாந்தான். அண்ணன். வெச்சுராத, வெச்சுராத! ... இல்ல, அது இல்ல, ஸ்டேஷன்ல குடுத்துட்டேன். ... சத்தியமா. சம்பூர்ணத்து மேல சத்தியம். ... ஆமா, படிச்சுக் காட்டுனாங்க. ... எனக்குத் தெரியாது ருக்கு, இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ... திட்டு. நல்லாத் திட்டு. திட்டி முடிச்சுட்டு அவருகிட்டக் குடு. ... மாப்ள. ... பேப்பரப் பாத்தேனுங்க மாப்ள. ... ம். ... ம். ... ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சாமுவேலு கடைக்குத் தோட்டா கேட்டு எதுக்குப் போனீங்க? ... எனக்கா? ... சரி. சரி. வெச்சர்றேன். நாளைக்கு நேரமே வந்தர்றேன்.

ஒண்ணுமில்லீங்க, கண்ணுல தூசி. ஸ்டேஷனக் கூட்டறதே இல்ல போல.

அவருகிட்டத் துப்பாக்கியும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. நான் தோட்டா கெடைக்காம ஊரு ஊராத் திரியறேன்னு கேள்விப்பட்டிருக்காரு. அந்த வருசம் எனக்கு அறுவது முடியறதாக் கணக்குப் போட்டுட்டாராம். எனக்கு அப்ப அம்பத்தேழுதான், பள்ளிக்கூடத்துல இருந்தே அந்தாளுக்குக் கணக்கு வராது. அறுவதாங் கண்ணாலத்துக்கு ஒரு பொட்டித் தோட்டா வாங்கிக் குடுத்து என்கூட மறுபடியும் பேச ஆரம்பிக்கலாம்னு போயிருக்காரு. லைசென்ஸு இல்லாமக் குடுக்க மாட்டோம்னு தொரத்தி விட்டுட்டாங்களாம். இப்பப் போன்ல என்ன கேட்டாரு தெரியுங்களா? "பதினொண்ணையும் குடுத்துட்டீங்களா மச்சான்? அப்ப இனி நான் பயமில்லாம உங்க ஊட்டுக்கு வரலாம்"னு சிரிக்கறாரு. பின்னால ருக்கு அழுகற சத்தம் கேக்குது.

நான் கெளம்பறேன். கடைத்தெருவுக்குப் போகோணும், மாமன் சீருக்கு நகையும் சேலையும் எடுக்கோணும். யாரும் கட்டாத நெறத்துல ஒண்ணு, தேடுனா கெடைக்கும்.

உங்களக் கூப்பிடறாங்க பாருங்க. துப்பாக்கி வாங்கறதா இருந்தா பாயிண்ட் முப்பத்ரெண்டே வாங்குங்க, நான் சொன்னேன்னு சாமுவேலுகிட்டச் சொல்லுங்க, நல்லா சிரிப்பாரு. ஆமா, அந்த ஃபாரத்துல யாரு பேரு எழுதியிருக்கீங்க? காட்ட வேண்டாம், வேண்டாம், மடிச்சு வச்சுக்குங்க. அவங்க ஊட்டுல இந்த வருசம் கண்ணாலம் காச்சி ஏதாச்சும் இருக்குதான்னு மட்டும் ஒரு போன் பண்ணிக் கேட்டுட்டு, அப்பறமா உள்ள போங்க.